மனோராஜ்யமும் கிராம ராஜ்யமும்

2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ந் தேதி இரவு சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை அணிக்கும் பஞ்சாப் அணிக்கும் நடந்த ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டம் நேயர்களில் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். சென்னைக்காக ஆடிய ஸாம் கர்ரன் என்னும் ஆங்கிலேய வாலிபர் 88 ஓட்டங்கள் எடுத்துத் தம் அணியைத் தூக்கி நிறுத்தினார். ஆனால் பத்தொன்பதாவது ஓவரை வீச வந்த பஞ்சாப் அணியின் யுஸ்வேந்திர சஹல், அந்த ஒரே ஓவரில் தோனி உட்பட நால்வரை வெளியேற்றினார். அவர்களில் மூவர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் வீழ்ந்தனர். சென்னை அணி 190 ஓட்டங்களுடன் சுருண்டது, ஆட்டத்தையும் இழந்தது, அவ்வருஷப் போட்டியில் மேலே செல்வதற்கிருந்த கடைசி நம்பிக்கையையும் இழந்தது.

இவ்வளவும் பத்திரிகைகளில் வந்த செய்தி. வராத செய்தி ஒன்று உண்டு. தோனி ஆட்டமிழந்த அந்தக் கணத்தில், மஞ்சள் சட்டை அணிந்து தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்த சென்னை வாலிபர்களில் எத்தனையோ பேர் உள்ளுக்குள் ஆனந்தப்பட்டிருப்பார்கள். தங்கள் ஊர் அணி தோற்க வேண்டுமென்று அவர்கள் விரும்பினார்கள் என்பதல்ல. தங்கள் கைப்பேசியில் தாங்களே நியமித்துக்கொண்ட கற்பனை அணிக்குச் சஹலைத் தலைவராக வைத்திருந்தார்கள். அவர் வீழ்த்திய ஒவ்வொரு விக்கெட்டுக்கும் இவர்களுடைய கணக்கில் இரட்டிப்பு மதிப்பெண் ஏறிற்று. கண்ணெதிரே இருந்த அணிக்காக வாய் வருந்த, கண்ணுக்குத் தெரியாத அணிக்காக மனம் மகிழ்ந்தது. இந்த விசித்திரமான நிலைமையைப் பற்றித்தான் இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

மறுநாள் மே மாதம் 1-ந் தேதி. அது தொழிலாளர் தினம். அத்துடன் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம சபை கூடுவதற்கென்று குறிக்கப்பட்ட தினமும்கூட. இவ்விரண்டு தினங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

டாஸ் முடிந்த அரை மணி

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் இருநூறு அடி ரேடியல் சாலையும் மேடவாக்கம் பெருஞ்சாலையும் கூடுகிற இடத்தை ஒட்டியுள்ள ஊர் கோவிலம்பாக்கம். பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், தெற்கே நன்மங்கலம் காடு, வடக்கே மடிப்பாக்கம். சில தலைமுறைகளுக்கு முன் ஏரியையும் வயலையும் நம்பியிருந்த இப்பகுதியில் இன்று அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும், வீட்டுக்கு வீடு உணவுப் பொட்டலம் கொண்டு செல்லும் வாலிபர்களும், கட்டடத் தொழிலாளர்களும், கல்லூரி மாணவர்களும் இங்கே கலந்து வசிக்கிறார்கள்.

ஐ.பி.எல். நடக்கும் நாட்களில் இந்த ஊரின் டீக்கடைகளில் மாலை 7 மணிக்குப் போய் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். ஏழு மணிக்கு டாஸ் போடுவார்கள். ஏழரைக்கு ஆட்டம். இடையிலுள்ள அந்த அரை மணியில் எந்தெந்த ஆட்டக்காரர் அன்று இறங்குகிறார் என்பது வெளியாகிவிடும். உடனே தலைகள் குனியும், விரல்கள் ஓடும். இரண்டு அணிகளிலும் உள்ள இருபத்திரண்டு பேரில் பதினொருவரைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. மொத்தத்துக்கு ஒரு வரம்பு. தலைவருக்கு மதிப்பெண் இரண்டு மடங்கு. உபதலைவருக்கு ஒன்றரை மடங்கு. மழை வருமா, மைதானம் சுழற்பந்துக்கு இசையுமா, போன ஆட்டத்தில் யார் எப்படி ஆடினார் என்றெல்லாம் நடக்கும் விவாதம் சட்டசபையிலே நடக்குமானால் தேசம் முன்னேறிவிடும். டீ ஆறிப்போகும். வீட்டிலிருந்து வந்த டெலிபோன் மணி அடித்து அடித்து ஓயும்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘பேன்டஸி’ ஆட்டம் என்று பெயர். நம்மவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் முன்னமே இருக்கிறது: மனோராஜ்யம். உட்கார்ந்த இடத்திலிருந்தபடியே அரசனாகி, மந்திரிகளை நியமித்து, யுத்தத்துக்கு ஆணையிட்டுக் களிப்பவனை ‘மனோராஜ்யம் பண்ணுகிறான்’ என்று நம் பாட்டிமார்கள் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலிப் பொருளே இக்காலத்தில் ஒரு பெரிய வியாபாரமாகிவிட்டது.

பிறந்த கதை

இந்த ஆட்டம் கிரிக்கெட்டில் பிறந்ததன்று. 1962-ம் வருஷம் அமெரிக்காவில், ஓக்லண்டு நகரத்துக் கால்பந்து அணியில் பங்கு வைத்திருந்த வில்பிரட் விங்கன்பாக் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து பொழுதுபோக்காக இதன் விதிகளை வகுத்தார்கள். அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அல்ல. அது வேறு விஷயம். 1980-ல் டேனியல் ஓக்ரன்ட் என்ற எழுத்தாளர் அங்குள்ள பேஸ்பால் ஆட்டத்துக்கும் இதே முறையைக் கொண்டுவந்தார். அப்பொழுதெல்லாம் பத்திரிகைகளில் வரும் கணக்குகளைப் பார்த்துக் காகிதத்தில் கூட்டிப் போட வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் கணக்கு. மற்ற நாட்களில் அவரவர் ஜோலி. பொறுமையாகச் செய்த காரியமாகையால் அதில் வெறி பிடிக்க இடமில்லை.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டி 2002-ம் வருஷத்தில் இம்மாதிரி ஆட்டம் ஒன்றைத் தானே தொடங்கிற்று. இதில் சேருவதற்குக் கட்டணமில்லை. பத்துக் கோடி பவுன் கற்பனைப் பணத்தைக் கொடுத்து, ‘பதினைந்து ஆட்டக்காரர்களை வாங்கிக்கொள்’ என்பார்கள். உலகமெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். மான்செஸ்டரையும் லிவர்பூலையும் படத்தில் மட்டுமே பார்த்திருக்கும் நம் ஊர் வாலிபர்களும் அவர்களில் உண்டு. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கதவு மூடப்படும். நம் நாட்டுக் கணக்கில் அது அநேகமாகச் சனிக்கிழமைப் பிற்பகல். அதற்குள் அணியை மாற்றாவிட்டால் குடி முழுகிப் போய்விடும் என்று, கல்யாணப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்தவர்களும் உண்டு.

இந்தியாவில் 2008-ம் வருஷம், ஐ.பி.எல். தோன்றிய அதே வருஷத்தில், ட்ரீம் லெவன் என்ற கம்பெனியை பம்பாயில் ஹர்ஷ் ஜெயின், பவித் சேத் என்ற இருவர் ஆரம்பித்தார்கள். இங்கே நுழைவுக் கட்டணம் வந்தது. பரிசுப் பணமும் வந்தது. 2020-ல் அந்தக் கம்பெனி 222 கோடி ரூபாய் கொடுத்து ஐ.பி.எல். போட்டிக்கே தன் பெயரைச் சூட்டிற்று. 2023-ல் இந்திய அணியின் சட்டையிலும் அப்பெயர் ஏறிற்று. தேசத்தின் பெயரோடு ஒரே சட்டையில் இடம் பெற்ற வஸ்து தப்பானதாயிருக்கும் என்று எந்தச் சிறுவன் நினைப்பான்?

ஆட்டம் பார்ப்பவனுக்கு நேரும் நஷ்டம்

பணத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைப்போம். பணமே இல்லாவிட்டாலும் இந்த ஆட்டத்தை எல்லை மீறிப் பெரிதாக எண்ணுவதில் மூன்று கேடுகள் இருக்கின்றன.

முதலாவது, ஆட்டத்தைப் பார்க்கும் சுகமே போய்விடுகிறது. பந்து எப்படித் திரும்பிற்று, அடித்தவன் காலை எப்படி நகர்த்தினான், தோற்கும் தறுவாயில் இருப்பவன் முகத்தில் எப்படித் தைரியம் குன்றாமல் இருக்கிறது என்பவற்றையெல்லாம் ரஸிப்பதற்காகத்தான் மனிதர்கள் மைதானத்துக்குப் போகத் தொடங்கினார்கள். மதிப்பெண் கணக்கு வந்ததும் கண் மைதானத்தை விட்டுக் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. அழகான ஆட்டம் பூஜ்யமாகவும், தப்பித் தவறிக் கிடைத்த விக்கெட் லாபமாகவும் தோன்றுகிறது. நெல் விளைந்த வயலைப் பார்த்து அதன் பசுமையை அறியாமல் மூட்டை எவ்வளவு என்று மட்டும் கேட்கும் தரகனின் நிலைமை இது.

இரண்டாவது, மனிதன் எண்ணாகிவிடுகிறான். ஓர் ஆட்டக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்காரும்போது, ‘பாவம், என்ன அடிபட்டதோ!’ என்று கேட்பது மனித இயல்பு. ‘ஐயோ, என் அணி போயிற்றே!’ என்று முதலில் தோன்றுமானால், நம் உள்ளத்தில் ஏதோ ஒன்று மரத்துப்போயிற்று என்று அறிய வேண்டும். இந்த மனோபாவம் முற்றினால் எங்கே போய் முடியும் என்பதை டென்னிஸ் உலகத்தில் பார்த்தோம். 2024-ம் வருஷத்தில் டென்னிஸ் வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் இணையத்தின் மூலம் வந்த வசைகளையும் மிரட்டல்களையும் ஆராய்ந்து அவ்விளையாட்டின் சர்வதேச ஸ்தாபனங்கள் மறு வருஷம் ஓர் அறிக்கை வெளியிட்டன. அவற்றில் நூற்றுக்கு நாற்பது, பந்தயத்தில் பணம் தோற்றவர்களிடமிருந்து வந்தவை என்று அதில் கண்டிருந்தது. தன் சொந்தத் தீர்மானத்தால் தோற்றவன், முகமறியாத ஒரு பெண்ணின் குடும்பத்தையே சபிக்கத் துணிகிறான்!

மூன்றாவது கேடுதான் எல்லாவற்றிலும் பெரியது. இந்த ஆட்டம், ஒரு காரியமும் செய்யாதவனுக்குக் காரியம் செய்த திருப்தியைக் கொடுத்துவிடுகிறது. நான் தேர்ந்தெடுத்தேன், நான் தலைவரை மாற்றினேன், என் யோசனை பலித்தது என்ற பெருமிதம் நெஞ்சில் நிறைகிறது. உண்மையிலோ அவன் சொல்லி மைதானத்தில் ஒரு பந்துகூட நகரவில்லை. பலித்தால் தன் புத்தி. பலிக்காவிட்டால் ஆட்டக்காரனுடைய சோம்பல். பொறுப்பில்லாத அதிகாரத்துக்கு இதைவிடச் சுலபமான பயிற்சி வேறில்லை.

விளையாட்டை நாம் வெறுப்பதாக எவரும் நினைக்க வேண்டாம். நம் தேசீய இயக்கத்தின் கதையிலேயே விளையாட்டுக்கு ஓர் உயர்ந்த இடம் உண்டு. வெள்ளையர்களுடைய கிளப்பில் இந்தியருக்கு இடமில்லாதிருந்த காலத்தில், 1888-ம் வருஷம் புச்சிபாபு நாயுடு சென்னையில் இந்தியர்களுக்கென்றே ஒரு கிரிக்கெட் சங்கத்தைக் கண்டார். 1911-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் கால்பந்து அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்து அணியை 2–1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. அந்தப் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அன்று மைதானத்தைச் சூழ்ந்து நின்ற ஜனத்திரளுக்கு உண்டான மகிழ்ச்சி, எதிரில் ஓடிய உண்மை மனிதர்களின் வியர்வையையும் தைரியத்தையும் கண்டு உண்டான மகிழ்ச்சி. அவர்களுக்கு ஒரே அணிதான் இருந்தது. மனம் இரண்டுபட்டு நிற்கவில்லை.

சட்டம் செய்ததும் செய்யாததும்

இனிப் பணத்தின் விஷயத்துக்கு வருவோம். பொய்யாமொழிப் புலவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். தொண்ணூற்று நான்காவது அதிகாரம் அது. பாரதக் கதையும் நளன் கதையும் சூதாடித் தேசத்தை இழந்தவர்களின் கதைகளே. ஆனாலும் நம் நாட்டுச் சூதாட்டம் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புதிய வேஷத்துடன் வந்துகொண்டேயிருக்கிறது. கோவிலம்பாக்கத்திலிருந்து வெகு தூரமில்லாத கிண்டியில் குதிரைப் பந்தயம் எத்தனை குடும்பங்களின் நகைகளைத் தின்றது என்பது பழைய சென்னைவாசிகளுக்குத் தெரியும். 1974-ல் தமிழ்நாடு சட்டசபை அதை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்தது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2024-ம் வருஷம் செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கர் நிலத்தைக் கைவசம் எடுத்துக்கொண்டார்கள். லாட்டரிச் சீட்டையோ 1968-ல் சர்க்காரே நடத்தத் தொடங்கினார்கள். 2003-ல்தான் அது இந்த மாகாணத்தில் நின்றது.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி கோர்ட்டுகளில் மிகப் பழையது. சென்னை மாகாணத்து 1930-ம் வருஷச் சூதாட்டச் சட்டமே வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களை விலக்கி வைத்தது. 1957-ல் சுப்ரீம் கோர்ட் போட்டிப் பரிசுகள் சம்பந்தமான வழக்கில், பெரும்பாலும் திறமையைப் பொறுத்திருப்பது சூதாகாது என்றது. அந்த வழியைப் பின்பற்றி 2017-ல் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட், மனோராஜ்ய ஆட்டமும் திறமை ஆட்டமே என்று தீர்மானித்தது. சட்ட நுணுக்கம் எதுவாயிருந்தாலும், சாதாரண ஜனங்களின் புத்திக்கு ஒன்று புலப்படும். பூட்டைத் திறப்பதற்கும் திறமை வேண்டும். ஆனால் அது யாருடைய பூட்டு என்பதையும் கேட்கத்தான் வேண்டும். மாதச் சம்பளத்தை வைத்து ஆடுகிறவனுடைய திறமையினால் அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா, அணைகிறதா என்பதே கேள்வி.

தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைக் கட்டுப்படுத்தும் மசோதா 2022 அக்டோபரில் சட்டசபையில் நிறைவேறிற்று. கவர்னர் அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதத்தில் சட்டசபை அதை மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமாயிற்று. பின்னர் இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை இத்தகைய ஆட்டம் கூடாது என்று விதி வந்தது. 2025 ஜூனில் சென்னை ஹைகோர்ட் அந்த விதியை ஆதரித்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு, 2025 ஆகஸ்டில், மத்திய சர்க்கார் இணையப் பணவாட்டங்களை அடியோடு தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். 20-ந் தேதி லோக சபையிலும், 21-ந் தேதி ராஜ்ய சபையிலும் நிறைவேறி, 22-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது. இவ்வாட்டங்களை நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. சுமார் 45 கோடி மக்கள் இவற்றால் பாதிக்கப்பட்டு, வருஷத்துக்கு 20,000 கோடி ரூபாய் வரை இழக்கிறார்கள் என்று சர்க்கார் தரப்பில் கூறப்பட்டது. கட்டணப் போட்டிகளை ட்ரீம் லெவன் நிறுத்திற்று. இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அதன் பெயர் நீங்கிற்று.

ஆடுகிறவனைக் குற்றவாளியாக்காமல் நடத்துகிறவனைப் பிடிப்பது சரியான முறை. ஆனால் சட்டம் எட்டும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. பணத்தைத் தடுக்கச் சட்டத்தால் முடியும். மனத்தைத் திருப்ப முடியாது. கட்டணமில்லாத ஆட்டங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயக் கால்பந்து மனோராஜ்யத்தில் முதலிலிருந்தே பணம் இல்லை. இருந்தும் அதற்காக உறக்கத்தையும் வேலையையும் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். பர்ஸ் தப்பிற்று, பொழுது தப்பவில்லை. ஏழைத் தேசத்தில் வாலிபர்களின் பொழுது பர்ஸைவிட விலை உயர்ந்தது.

நம்முடைய மனோராஜ்யம்

இதுவரை படித்துக்கொண்டு வந்த நேயர்களில் அரசியல் ஊழியர்கள் பலர் இருப்பார்கள். ‘நன்றாகச் சொன்னீர்கள்! இந்தக் காலத்துப் பையன்களுக்கு நல்ல சூடு!’ என்று அவர்கள் தலையசைத்திருக்கலாம். அவர்களை ஒரு நிமிஷம் நிறுத்தி, நம்மையும் சேர்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம்.

தேர்தல் காலத்தில் அதே டீக்கடையில் நாம் என்ன செய்கிறோம்? எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேர்ந்தால் எத்தனை ஸ்தானம் என்று கூட்டிக் கழிக்கிறோம். எவரை எந்தத் தொகுதியில் நிறுத்தலாம், எவருக்கு எந்த இலாகா தரலாம் என்று மந்திரி சபையே அமைத்துவிடுகிறோம். நம் கணக்குப் பலித்தால் நம் புத்தி. பலிக்காவிட்டால் ஜனங்களுடைய அறியாமை. இதற்கும் பதினொருவரைப் பொறுக்கும் பையனுடைய காரியத்துக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது ஆட்டக்காரர்களின் கணக்குகளைத் துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறான். நம்மில் எத்தனை பேர் நம் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை ஒரு முறையேனும் பார்த்திருக்கிறோம்?

கிராம சபை என்பது தானாக வந்ததல்ல. அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமே இல்லாதிருந்த நிலையில், 1948-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. ஸந்தானம் பிரேரணை கொண்டுவந்து அதைச் சேர்த்தார். காந்தியடிகளின் கிராம ராஜ்யக் கனவுக்கு அரசியல் சட்டத்தில் கிடைத்த ஒரு பிடிமண் அது. பின்னும் நாற்பத்தைந்து வருஷங்கள் கழிந்து, 1993 ஏப்ரலில் 73-வது திருத்தம் அமலுக்கு வந்த பிறகே பஞ்சாயத்துக்கு உறுதியான உருவம் கிடைத்தது. ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினர். கணக்கை வாசிக்கச் சொல்லலாம், கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் இதற்கென்று குறிக்கப்பட்டிருக்கின்றன.

இந்தத் தேதிகளில் இரண்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். 2024-லும் 2025-லும் ஐ.பி.எல். தொடங்கியது அதே மார்ச் 22-ல்தான். மே 1 அந்தப் போட்டியின் நட்ட நடுவில் வருகிறது. முதல் நாள் இரவு பதினொரு மணி வரை சஹலுக்கும் கர்ரனுக்கும் கணக்குப் போட்டுக் களைத்த வாலிபன், மறுநாள் காலையில் கிராம சபையில் வந்து உட்காருவானா?

தென் சென்னைப் புறநகரங்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையானதல்ல. 2015 டிஸம்பர் வெள்ளத்தையும், 2023 டிஸம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் இப்பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க முடியாது. இங்குள்ள ஏரிகளின் உபரி நீர் சென்று சேர வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஸ்தலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு இருந்தால் மாத்திரம் தண்ணீர் வழி கண்டு போகாது. எந்தக் கால்வாய் தூர்ந்திருக்கிறது, எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எந்தப் புறம்போக்கு சுருங்கியிருக்கிறது, குழந்தைகள் பந்தாட மைதானம் எங்கே என்பவற்றை ஊரில் இருப்பவர்கள்தான் கண்டு சொல்ல முடியும். ஒரு பந்து வீச்சாளர் கடைசி ஐந்து ஆட்டங்களில் என்ன செய்தார் என்பதை மனப்பாடமாகச் சொல்லும் வாலிபனுக்கு, கடைசி ஐந்து மழைக் காலங்களில் தன் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதைக் குறித்து வைப்பது பெரிய காரியமா?

செய்யத் தக்கது

ஆகவே, ‘ஆட்டத்தை விட்டுவிடுங்கள்’ என்று நாம் உபதேசிக்கப் போவதில்லை. அப்படிச் சொன்னால் வாலிபர்கள் கேட்கவும் மாட்டார்கள். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பகலெல்லாம் வெயிலில் வண்டி ஓட்டி வந்தவன் மாலையில் நண்பர்களுடன் சிறிது நேரம் மனோராஜ்யம் செய்வது ஒரு பாபமன்று. அது எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இருந்தால் போதும்.

நமக்குத் தோன்றுகிற யோசனைகள் சாதாரணமானவை. இந்த ஆட்டத்தில் ஒரு காசும் வைப்பதில்லை என்பது முதலாவது. சட்டம் சொல்கிறதென்பதற்காக மட்டுமல்ல, சிநேகிதத்தில் பணம் நுழைந்தால் சிநேகிதம் போய்விடும் என்பதற்காகவும். அணியை ஒரு முறை தேர்ந்தெடுத்த பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பது இரண்டாவது. மதிப்பெண்ணை மறுநாள் பார்த்தால் அது குறைந்துவிடாது. அறிமுகமில்லாத ஆட்டக்காரரை எந்தக் காரணம் கொண்டும் வைவதில்லை என்பது மூன்றாவது. வாரத்தில் எத்தனை மணி பிறர் ஆடுவதைக் கணக்கிட்டோமோ, அதில் நாலில் ஒரு பங்காவது நாமே ஒரு பந்தை உதைப்பது நான்காவது. இந்த நான்கையும் கைக்கொள்ள முடிகிறவனுக்கு ஆட்டம் விளையாட்டாகவே இருக்கிறது. ஒன்றைக்கூடக் கைக்கொள்ள முடியவில்லை என்று காண்கிறவன், ஆட்டம் தன்னை ஆட்டுகிறது என்பதை உணர்ந்து, வீட்டாரிடமோ நண்பரிடமோ மனம் திறந்து சொல்ல வேண்டும். கடன் பட்டவன் அதை மறைப்பதனால்தான் பெரும்பாலும் விபரீதம் நேர்கிறது. அவனைக் கேலி செய்யாமல் கைகொடுப்பது மற்றவர்களின் கடமை.

ஐந்தாவது யோசனை ஊழியர்களுக்கு. டீக்கடையில் நடக்கும் அந்த அரை மணி விவாதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நடந்துவிடாதீர்கள். அங்கேயே உட்காருங்கள். அந்த வாலிபர்களிடம் கூர்மை இருக்கிறது, ஞாபகசக்தி இருக்கிறது, எதிர் வாதத்தைச் சிரித்துக்கொண்டே கேட்கும் பழக்கமும் இருக்கிறது. ஒரு கட்சிக் கூட்டத்தில் இவ்வளவையும் சேர்த்துக் காண்பது அரிது. ஊராட்சி மன்றத்தின் வரவு செலவு அறிக்கையின் ஒரு பிரதியை அவர்கள் நடுவில் வைத்து, ‘இதில் எந்தக் கணக்கு இடிக்கிறது, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் ஒருவன் கண்டுபிடிப்பான். மூன்றாம் நாள் அவனே கிராம சபையில் எழுந்து நின்று கேட்பான்.

மனோராஜ்யத்தில் தோற்றவனுக்கும் வென்றவனுக்கும் மறுநாள் காலையில் ஒரே ஊர்தான் இருக்கிறது. அந்த ஊரில் அடுத்த கிராம சபை கூடும் தினம் காலண்டரில் அச்சிட்டிருக்கிறது. கோவிலம்பாக்கத்து வாலிபர்களும், அவர்களைக் குறை சொல்லும் நம்மைப் போன்ற பெரியவர்களும், அன்று ஒரே பந்தலின் கீழ் வந்து அமர்வார்களாக!